டேட்டாபேஸ்ல ஸ்பின்லாக் – எந்த சிபியுல எப்டி சுத்த விடணும்? அடிக்கடி வர்ற கேள்விகள்

ஸ்பின்லாக்னா என்ன? சாதா லாக் இருக்கும்போது இது எதுக்கு?

லாக்னா ஒரே டேட்டாவ ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தாம தடுக்குற பூட்டு. சாதா லாக் கிடைக்கலன்னா ப்ராசஸ் தூங்கப் போயிடும், அப்புறம் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) வந்து எழுப்பி விடணும். ஸ்பின்லாக்ல தூக்கம் கிடையாது. மெமரில ஒரு சின்ன இடம், அதுல 0 இருந்தா காலி, 1 இருந்தா யாரோ வெச்சிருக்காங்க, காலி ஆகுற வரைக்கும் ஒரு லூப்ல சுத்திக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்கணும், அவ்ளோதான் விஷயம். உள்ள போய் செய்யப்போற வேலையே ஒரு கவுண்டர ஏத்துறது, ரெண்டு பாயிண்டர மாத்துறது அளவுக்குத்தான்னா அதுக்காக தூங்கி எழுந்திரிக்கிற செலவு கட்டுப்படியாகாது, அதனாலதான் இது.

போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸோட சோர்ஸ் கோடுலயே இதுக்கு ஒரு விதி எழுதி வெச்சிருக்காங்க: சில டஜன் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு மேல புடிச்சு வெக்கக்கூடாது, புடிச்சிருக்கும்போது கெர்னல் கால் கூடாது, கொஞ்சம் பெரிய ஃபங்ஷனக்கூட கூப்பிடக்கூடாது. அதுக்கு மேல வேலை இருந்தா, கிடைக்கலன்னா தூங்கிக் காத்திருக்கிற லைட்வெயிட் லாக் எடுத்துக்கோன்னு சொல்லிடுவாங்க.

கோர் ஏத்த ஏத்த ஸ்பீடு ஏறணும்ல, ஏன் இறங்குது?

இந்தக் கேள்விக்கு பதில் புரிஞ்சா மீதி எல்லாமே தானா புரியும், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

ஒவ்வொரு கோருக்கும் தனி கேஷ் (பக்கத்துலயே இருக்குற சின்ன வேக மெமரி) இருக்கு. ஒரு கேஷ் லைன (மெமரிய கேஷுக்கு எடுத்துட்டு வர்ற சின்ன துண்டு) நிறைய கோர் ஒரே நேரத்துல படிக்கலாம், ஆளுக்கொரு காப்பி வெச்சுக்கலாம், பிரச்சனை இல்ல. ஆனா யாராவது எழுதணும்னா மத்த எல்லாரோட காப்பியையும் செல்லாததாக்கிட்டு அந்த லைன தனக்கு மட்டும்னு எடுத்துக்கணும். இப்போ லாக் எடுக்குற அடாமிக் (நடுவுல யாரும் புகுந்து கெடுக்க முடியாத) இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கே, எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) எக்ஸ்சேஞ்ச், அது லாக் கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் எழுதும். ஏற்கனவே 1 இருக்குற இடத்துல இன்னொரு 1 எழுதும், பிரயோஜனமே இல்லாத எழுத்துதான், ஆனா அதுக்கும் லைன் தனக்கு மட்டும்னு வேணும்.

64 கோர்ல 63 பேர் இப்டி எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கிட்டே இருந்தா அந்த ஒரு லைன் கோருக்கு கோர் பறந்துக்கிட்டே இருக்கும். இதுல கொடுமை என்னன்னா, லாக்க வெச்சிருக்கிற ஆள் வேலைய முடிச்சிட்டு 0 எழுதி விடணும்னா அவனுக்கும் அதே லைன்தான் வேணும், அவனும் அந்தக் கூட்டத்தோட முட்டி மோதணும். பல நேரம் லாக் பக்கத்துலயே அது காப்பாத்துற டேட்டாவும் இருக்கும், அப்போ உள்ள இருக்குற வேலையே இழுத்துக்கிட்டு போகும். உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சும் கதவ தட்டிக்கிட்டே இருந்தா அவரு வெளிய வர்றதுதான் லேட் ஆகும்.

காத்திருக்கிறதுல போற சிபியு நேரத்த விட, காத்திருக்கிறவங்க வெச்சிருக்கிறவனுக்கு குடுக்குற தொல்லைதான் பெரிய செலவு. கீழ வர்ற ட்ரிக் எல்லாமே அந்தத் தொல்லையக் குறைக்கத்தான்.

சரி, தொல்லை குடுக்காம எப்டி காத்திருக்கிறது?

படிச்சுக்கிட்டு மட்டும் இரு, எழுதாத. 1 தெரிஞ்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் சாதாரண ரீட் மட்டும், அது உன் கேஷ்லயே நடக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல. 0 தெரிஞ்சதும் ஒரு தடவை அடாமிக் போடு. கிடைச்சா சரி, இல்லன்னா திரும்ப படிக்கப் போயிடு. இது 1980கள்லயே கண்டுபிடிச்சு எழுதி வெச்ச விஷயம், புதுசு ஒண்ணும் இல்ல.

ஆனாலும் நிஜ சாஃப்ட்வேர்ல இது லேட்டாதான் வந்துச்சு. போஸ்ட்கிரஸ்ல 2011 ஆகஸ்ட்ல நடந்தத எடுத்துக்கோங்க. ஐடேனியம் சிபியு, எச்பி-யுஎக்ஸ் ஓஎஸ், அதுல கோர் நிறைய இருக்குற மெஷின்ல வெறும் செலக்ட் குவெரிக்கே பெர்ஃபார்மன்ஸ் படுத்துடுச்சு. போஸ்ட்கிரஸ் டெவலப்பர் ராபர்ட் ஹாஸ் பண்ண மாத்தம் சில வரிதான். அதுக்கு முன்னாடி டெஸ்ட்-அண்ட்-செட்டுக்கு (லாக்க எடுக்க முயற்சி பண்ற அந்த அடாமிக்) ஒரே ஒரு மேக்ரோ (பேர் வெச்ச கோடு துண்டு), அத ரெண்டா பிரிச்சாரு: முதல் தடவை முயற்சி பண்றதுக்கு ஒண்ணு, கிடைக்காம சுத்தும்போது போடுறதுக்கு இன்னொண்ணு. ரெண்டாவது மேக்ரோல ஐடேனியத்துக்கு மட்டும் முதல்ல படிச்சுப் பாரு, காலியா இருந்தா மட்டும் அடாமிக் போடுன்னு மாத்தினாரு. மத்த சிபியு எல்லாத்துக்கும் பழையபடியே விட்டாரு, ஏன்னா ஆதாரம் கையில இருந்தது இந்த ஒரு ஆர்க்கிடெக்சருக்கு மட்டும்தான். அந்த நிதானம் எனக்கு ரொம்ப புடிக்கும்.

ஏன் ரெண்டு மேக்ரோ? எப்பவுமே படிச்சுட்டு அப்புறம் அடாமிக் போட்டா என்ன?

லாக் பெரும்பாலும் காலியாதான் இருக்கும், அதான் நடக்குற சகஜமான கேஸ். அப்போ முதல்ல படிச்சீங்கன்னா லைன் "எல்லாரும் படிக்கலாம்"ங்கிற நிலைல வரும், அடுத்த நிமிஷமே அடாமிக் போடும்போது "எனக்கு மட்டும்"னு மாத்தணும், ஒரு ட்ரிப்ல முடியுறது ரெண்டு ட்ரிப் ஆயிடும். நேரா அடாமிக் போட்டா ஒரே ட்ரிப்.

போஸ்ட்கிரஸ் சோர்ஸ்ல ரொம்ப நாள் ஒரு கமெண்ட் இருந்துச்சு, ஏஎம்டி ஆப்டெரான்ல முன்னாடி படிச்சுப் பாக்குறது பெரிய நஷ்டம், இன்டெல் 64-பிட்ல ஒண்ணு சமமா இருக்கும் இல்ல சின்ன நஷ்டம்னு. அத வெச்சு எக்ஸ்86-64ல படிக்கிற ஸ்டெப்பே வேணாம்னு விட்டிருந்தாங்க. மேக்ரோவ ரெண்டா பிரிச்சப்புறம் தான் வழி கிடைச்சது: முதல் முயற்சில நேரா எக்ஸ்சேஞ்ச், சுத்தும்போது மட்டும் படிச்சுட்டு எக்ஸ்சேஞ்ச். இப்போ எக்ஸ்86-64லயும் ஐபிஎம்மோட பவர் சிபியுலயும் இப்டித்தான் ஓடுது.

பாஸ் இன்ஸ்ட்ரக்ஷன் போடணும்னு சொல்றாங்களே, அது வெறும் டிலே தானே?

டிலே மட்டும் இல்ல. சுத்துற லூப்புக்குள்ள போடுற இன்ஸ்ட்ரக்ஷன் இது, பென்டியம் 4 காலத்துல வந்தது. லூப்ல சும்மா படிச்சுக்கிட்டே இருந்தா சிபியு முன்கூட்டியே நூறு ரீட் போட்டு வெச்சிருக்கும், வேல்யூ மாறுற அந்த நேரத்துல எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பைப்லைன (சிபியுக்குள்ள ஓடுற இன்ஸ்ட்ரக்ஷன் வரிசை) முதல்ல இருந்து நிரப்பணும், அதாவது லாக் கிடைக்கப்போற நேரத்துல அடி விழும். பாஸ் போட்டா அது நடக்காது. ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோர்ல ரெண்டு த்ரெட் ஓடுறது) இருந்தா பக்கத்து த்ரெட்டுக்கும் ரிசோர்ஸ் போகும், ஒருவேளை லாக்க வெச்சிருக்கிறதே அந்த பக்கத்து த்ரெட்டா கூட இருக்கலாம் பாருங்க.

ஸ்கைலேக் சர்வருக்கு மாறினதும் மைஎஸ்க்யூஎல் ஸ்லோ ஆச்சுன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மைதான், காரணம் மேல சொன்ன அதே பாஸ். பழைய ஜெனரேஷன்ல அது ஏறக்குறைய 10 சைக்கிள். ஸ்கைலேக்ல இன்டெல் அத 140 சைக்கிள் வரைக்கும் இழுத்துட்டாங்க, இத அவங்க ஆப்டிமைசேஷன் மேனுவல்லயே எழுதியும் இருக்காங்க. அவங்க கணக்கு, பாஸ் ஜாஸ்தி நேரம் நின்னா பக்கத்து த்ரெட்டுக்கு நல்லது, பவரும் மிச்சம்னு. ஆனா இங்க மைஎஸ்க்யூஎல்லோட ஸ்டோரேஜ் இன்ஜின் இன்னோடிபி பாஸ எண்ணி எண்ணி டிலே போட்டுக்கிட்டு இருந்துச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. இன்னோடிபில ஸ்பின் வெயிட் டிலே டீஃபால்ட் 6, அதுல இருந்து 0 முதல் 5 வரைக்கும் ஒரு நம்பர் ரேண்டமா எடுத்து 50ஆல பெருக்கும், அத்தன பாஸ் போட்டுட்டு தான் அடுத்து லாக்க எட்டிப் பாக்கும். அதிகபட்சம் 250 பாஸ். பழைய சிபியுல 2,500 சைக்கிள், 3 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு மைக்ரோசெகண்ட் கூட முழுசா ஆகாது. ஸ்கைலேக்ல அதே 250 பாஸ் 35,000 சைக்கிள், கிட்டத்தட்ட 12 மைக்ரோசெகண்ட். லாக் எப்பவோ காலி ஆயிருக்கும், நம்ம ஆள் இன்னும் கண்ண மூடிக்கிட்டு பாஸ் எண்ணிக்கிட்டு இருப்பான். கோடு மாறல, காம்பைலர் மாறல, சிபியு மட்டும்தான் மாறுச்சு.

அந்த 50 முன்னாடி கோடுக்குள்ளயே ஃபிக்ஸ் பண்ணி இருந்துச்சு. மைஎஸ்க்யூஎல் 8.0.16ல இருந்து அதுக்கு தனியா ஒரு செட்டிங் குடுத்துட்டாங்க, ஸ்பின் வெயிட் பாஸ் மல்டிப்ளையர்னு. பழைய சிபியுல இருந்த அதே நேரம் வேணும்னா கணக்குப்படி 3, 4க்கு கொண்டு வரணும், ஆனா கணக்க மட்டும் நம்பாம உங்க லோடுல ஓட்டிப் பாத்துட்டு வைங்க.

என் கருத்து, டிலேய இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கைல வெக்கிறதே ஆபத்து. முடிஞ்சா புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு பாஸ் எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளந்துட்டு அத வெச்சு எண்ணிக்கைய செட் பண்றது நல்லது.

ஏஆர்எம் சர்வர்ல என்ன வித்தியாசம்?

ரெண்டு விஷயம் இருக்கு.

முதல் விஷயம் அடாமிக் எப்டி நடக்குதுங்கிறது. பழைய ஏஆர்எம் வி8.0ல எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது, எக்ஸ்க்ளூசிவா லோட் பண்ணு, எக்ஸ்க்ளூசிவா ஸ்டோர் பண்ணு, நடுவுல வேற யாராவது தொட்டிருந்தா ஃபெயில், திரும்ப முதல்ல இருந்து. கூட்டம் ஜாஸ்தி ஆனா எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் ஃபெயில் பண்ண வெச்சுக்கிட்டே இருப்பாங்க. வி8.1ல எல்எஸ்இன்னு புது அடாமிக் இன்ஸ்ட்ரக்ஷன்கள் வந்துச்சு, ஸ்வாப், கம்பேர்-அண்ட்-ஸ்வாப் எல்லாம் ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல முடிஞ்சிடும். அமேசானோட முதல் கிராவிட்டான்ல இது இல்ல, கிராவிட்டான்2ல இருந்து இருக்கு.

பிரச்சனை என்னன்னா சிபியுல இருந்தா மட்டும் போதாது, உங்க பைனரி அத யூஸ் பண்ணணும். டீஃபால்ட்டா காம்பைல் பண்ணா எல்லா மெஷின்லயும் ஓடணுமேன்னு பழைய லோட்-ஸ்டோர் ஜோடியத்தான் போடும். ஜிசிசி காம்பைலர் 10ல இருந்து அவுட்லைன் அடாமிக்ஸ் வந்துச்சு, ஓடும்போதே சிபியுவ செக் பண்ணி எது இருக்கோ அத எடுத்துக்கும், லினக்ஸ்ல அது டீஃபால்ட்டாவே ஆன். அதுக்கு முன்னாடி காம்பைலர்ல கட்டின பேக்கேஜ்னா சந்தேகப்படுங்க. சிபியு ஃப்ளாக்ல அடாமிக்ஸ்னு வருதான்னு பாருங்க, அப்புறம் பைனரிய டிஸ்அசெம்பிள் பண்ணி அந்த இன்ஸ்ட்ரக்ஷன்கள் உள்ள இருக்கான்னும் பாருங்க, ரெண்டும் வேணும்.

ரெண்டாவது, பாஸுக்கு பதில் என்ன போடுறது. ஏஆர்எம்ல யீல்டுன்னு ஒண்ணு இருக்கு, பேரு நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரும்பாலான சிப்ல அது ஒண்ணுமே பண்ணாது, நோ-ஆப் மாதிரி கடந்து போயிடும். அதனால ஐஎஸ்பிங்கிற பேரியர் இன்ஸ்ட்ரக்ஷன டிலேக்கு பயன்படுத்துறாங்க, அது பைப்லைன காலி பண்ணும், அந்த நேரம் நமக்கு வேண்டிய சின்ன இடைவெளியா அமைஞ்சிடுது. போஸ்ட்கிரஸ் 2022 ஏப்ரல்ல ஏஆர்எம்64க்கு இதப் போட்டாங்க, கோர் நிறைய இருக்குற மெஷின்ல நல்ல பலன், சின்ன மெஷின்ல பெருசா வித்தியாசம் இல்லன்னு கமெண்ட்லயே எழுதிட்டாங்க. ரஸ்ட் மொழியோட ஸ்பின் லூப் ஹிண்ட்டும் ஏஆர்எம்64ல இதே ஐஎஸ்பி தான் போடுது.

லாக்க விடும்போது 0 எழுதினா போதும்ல?

எக்ஸ்86ல ஏறக்குறைய போதும். அங்க ஒரு கோர் எழுதுறது எழுதின வரிசைலயே தான் மத்தவங்களுக்கு தெரியும், அதனால சாதாரண ஸ்டோர் போட்டு, காம்பைலர் மட்டும் வரிசைய மாத்தாம பாத்துக்கிட்டா முடிஞ்சுது. ஏஆர்எம், பவர் ரெண்டும் அப்டி இல்ல. நீங்க உள்ள மாத்தின டேட்டா மத்த கோருக்கு போய் சேர்றதுக்கு முன்னாடியே 0 போய் சேர்ந்துடலாம், அடுத்தவன் உள்ள வந்து பழைய டேட்டாவ பாப்பான். ஏஆர்எம்ல ரிலீஸ் ஸ்டோர், பவர்ல லைட்வெயிட் சிங்க் போட்டுட்டு ஸ்டோர், இதெல்லாம் கட்டாயம்.

காம்பைலர் விஷயத்த சாதாரணமா நெனைக்காதீங்க. போஸ்ட்கிரஸ்லயே 9.5க்கு முன்னாடி ஸ்பின்லாக் எடுக்குறது காம்பைலர் பேரியரா வேலை செய்யல, அதனால லாக்குக்குள்ள தொடுற எல்லாத்தையும் வோலடைல் (காம்பைலர் இஷ்டத்துக்கு வரிசைய மாத்தக்கூடாதுன்னு குறி போட்ட) பாயிண்டர் வழியாத்தான் தொடணும்னு இருந்துச்சு, ஒரு இடத்துல மறந்தா போச்சு. எக்ஸ்86ல வருஷக்கணக்கா நல்லா ஓடுன கோடு ஏஆர்எம்க்கு போனதும் எப்பவாவது ஒரு தடவை டேட்டாவ கெடுக்குதுன்னா முதல்ல இங்கதான் தேடணும்.

எவ்ளோ நேரம் சுத்தலாம்? எப்போ தூங்கணும்?

வெச்சிருக்கிறவன் வேற கோர்ல ஓடிக்கிட்டு இருந்தா சுத்துறது லாபம். அவனையே ஓஎஸ் நிறுத்தி வெச்சிருந்தா நீங்க எவ்ளோ சுத்தினாலும் வீண், உங்க கோர விட்டாத்தான் அவனுக்கு இடம் கிடைக்கும். எது நடக்குதுன்னு யூசர் ஸ்பேஸ்ல (கெர்னலுக்கு வெளிய ஓடுற நம்ம புரோகிராம்ல) இருந்து தெரியாது, அதான் சிக்கல்.

போஸ்ட்கிரஸ் இத அனுபவத்த வெச்சு கத்துக்குது. 100 சுத்துல ஆரம்பிக்கும். தூங்காமலேயே லாக் கிடைச்சா அடுத்த தடவைக்கு லிமிட்ட 100 ஏத்தும், தூங்க வேண்டி வந்தா 1 குறைக்கும், குறைஞ்சபட்சம் 10, அதிகபட்சம் 1000. ஒரே கோர் இருக்குற மெஷின்ல சுத்துறதே வேஸ்ட், அங்க இது தானா 10க்கு இறங்கிடும். தூக்கம் 1 மில்லிசெகண்ட்ல தொடங்கி ஒவ்வொரு தடவையும் 1ல இருந்து 2 மடங்குக்குள்ள ரேண்டமா ஏறும், 1 செகண்ட தாண்டினா திரும்ப கீழ வரும். ரேண்டம் எதுக்குன்னா எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து ஒரே நேரத்துல பாயக்கூடாது. 1000 தடவை தூங்கியும் கிடைக்கலன்னா ஸ்பின்லாக் மாட்டிக்கிச்சுன்னு பேனிக் அடிச்சு சர்வர ரீஸ்டார்ட் பண்ணிடும்.

கெர்னல்ல டிக்கெட் லாக், கியூ லாக் எல்லாம் இருக்கே, அத அப்டியே எடுத்துக்கலாமா?

ஆசையாத்தான் இருக்கும். லினக்ஸ் 2.6.25ல டிக்கெட் லாக் வந்துச்சு, 4.2ல கியூ ஸ்பின்லாக் வந்துச்சு, வந்த வரிசைல லாக் கிடைக்கும், கியூ வகைல ஒவ்வொருத்தரும் தன்னோட லைன மட்டும் பாத்துக்கிட்டு சுத்துவாங்க, அடக்கமான டிசைன். ஆனா கெர்னல் ஸ்பின்லாக் புடிச்சா சாதாரணமா ப்ரீஎம்ப்ஷன (ஓடுறவன நடுவுல நிறுத்தி வேற ஆள ஓட விடுறது) நிறுத்திடும், நம்ம டேட்டாபேஸால அது முடியாது. வரிசைல அடுத்து நிக்கிறவன ஓஎஸ் தூக்கி வெளிய வெச்சுட்டா லாக் காலியா இருந்தும் பின்னாடி இருக்குற அத்தன பேரும் அவனுக்காக நிக்கணும். கோர விட ப்ராசஸ் ஜாஸ்தியா இருக்குற டேட்டாபேஸ்ல இது அடிக்கடி நடக்கும். நியாயம் பாக்காத முரட்டு லாக்தான் இங்க வேகம்.

விர்ச்சுவல் மெஷின்லயும் இதே தலைவலி, விசிபியுவ (விர்ச்சுவல் சிபியு) ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின ஓட்டுற சாஃப்ட்வேர்) நிறுத்தி வெச்சா கெஸ்ட்டுக்கு தெரியவே தெரியாது. இன்டெல், ஏஎம்டி ரெண்டுலயும் பாஸ் லூப்ப கண்டுபிடிச்சு ஹைப்பர்வைசருக்கு சொல்ற வசதி இருக்கு, பாஸ் போடாம சுத்தினா அந்த உதவியும் கிடைக்காது.

என் சர்வர்ல ஸ்பின்லாக் தான் பிரச்சனைன்னு எப்டி தெரிஞ்சுக்கிறது?

அறிகுறி ஒண்ணுதான்: சிபியு 100%, த்ரூபுட் மட்டும் ஏறல, கனெக்ஷன் கூட்டினா இன்னும் இறங்குது. போஸ்ட்கிரஸ்ல, எந்த ஃபங்ஷன் சிபியுவ தின்னுதுன்னு காட்டுற லினக்ஸ் டூல் பெர்ஃப் டாப் போட்டா எஸ்-லாக் ஃபங்ஷன் மேல வந்து நிக்கும். அதோட நிக்காம கால் கிராஃப் எடுத்து யாரு கூப்பிடுறாங்கன்னு பாருங்க, இல்லன்னா எந்த லாக்குன்னே தெரியாது. அன்னோடேட் பண்ணா சூடு எக்ஸ்சேஞ்ச் மேல காட்டாம அதுக்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன் மேல காட்டும், அது சாம்பிளிங் கொஞ்சம் சறுக்குறதால வர்றது, குழம்பிக்க வேணாம். போஸ்ட்கிரஸ் வெர்ஷன் 16ல இருந்து வெயிட் ஈவென்ட்லயே (எதுக்காக காத்திருக்குன்னு காட்டுறது) ஸ்பின் டிலேன்னு தனியா வருது, ஆனா அது தூங்குற நேரத்த மட்டும்தான் காட்டும், சுத்துற நேரத்த காட்டாது. எஸ்க்யூஎல் சர்வர்னா ஸ்பின்லாக் புள்ளிவிவர வியூ ஒண்ணு இருக்கு, மோதல், சுத்து, பேக்ஆஃப் எல்லாம் லாக் வாரியா வரும், ரெண்டு தடவை எடுத்து கழிச்சுப் பாருங்க. பெர்ஃப் சி2சி எந்த கேஷ் லைனுக்காக சண்டை நடக்குதுன்னு காட்டும், அங்கதான் பல பேருக்கு ஆச்சரியம் காத்திருக்கும்.

என்ன ஆச்சரியம்?

லாக்கே காரணமா இருக்காது, பக்கத்துல இருக்குற வேரியபிளா இருக்கும். ரெண்டு சம்பந்தமில்லாத லாக் ஒரே லைன்ல உக்காந்திருக்கும், இல்ல எல்லாரும் படிக்கிற ஒரு செட்டிங் லாக்குக்கு பக்கத்துல மாட்டியிருக்கும். எக்ஸ்86ல லைன் 64 பைட், பவர்லயும் ஆப்பிள் எம்1லயும் 128. எக்ஸ்86 பிரீஃபெட்ச்சர் பக்கத்து லைனையும் சேத்து இழுக்கும், அதனால 128க்கு பேடிங் (நடுவுல காலி இடம்) போட்டுட்டா நிம்மதி, போஸ்ட்கிரஸும் 128தான் வெச்சிருக்கு.

இவ்ளோ ட்யூனிங்குக்கு பதிலா லாக்கையே தூக்கிட முடியாதா?

முடிஞ்சா அதான் செய்யணும், பெரிய லாபம் எல்லாம் அங்கதான் வந்திருக்கு. போஸ்ட்கிரஸ் லைட்வெயிட் லாக் ஒவ்வொண்ணுக்குள்ளயும் முன்னாடி ஒரு ஸ்பின்லாக் இருந்துச்சு, அதனால படிக்க மட்டும் வர்றவங்க கூட அங்க முட்டிக்கிட்டாங்க, 9.5ல அத அடாமிக்கா மாத்தினாங்க. 9.6ல பஃபர (மெமரில இருக்குற பேஜ்) பின் பண்றதும் (யூஸ்ல இருக்குன்னு குறிக்கிறது) விடுறதும் ஸ்பின்லாக் இல்லாம அடாமிக்குக்கு போச்சு. ஒரே டேபிள் இன்டெக்ஸோட ரூட் பேஜ எல்லா கனெக்ஷனும் பின் பண்ற கேஸ நெனச்சுப் பாருங்க, எவ்ளோ மிச்சம்னு புரியும்.

எடுக்க முடியாத இடத்துல உள்ள வேலைய சுருக்கணும். போஸ்ட்கிரஸ்ல வால் (மாத்தங்கள முதல்ல எழுதி வெக்கிற பதிவேடு) எழுத இடம் ரிசர்வ் பண்றது ஒரு ஸ்பின்லாக்குக்குள்ள நடக்குது, உள்ள நடக்குறது ரெண்டு நம்பர படிச்சு கூட்டி திரும்ப வெக்கிறது மட்டும்தான், பேஜ் ஹெட்டர் கணக்கு எல்லாம் வெளிய வந்தப்புறம் தான் போடுறாங்க. நம்ம பக்கத்துலயும் செய்யக்கூடியது உண்டு. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் (குவெரி புள்ளிவிவரம் சேக்குற எக்ஸ்டென்ஷன்) ஆன்ல இருந்தா ஒவ்வொரு குவெரி முடியும்போதும் அந்த குவெரியோட கவுண்டர ஒரு ஸ்பின்லாக் எடுத்து ஏத்தும். நூத்துக்கணக்கான கனெக்ஷன் ஒரே சின்ன குவெரிய அடிச்சா எல்லாரும் அந்த ஒரே கவுண்டருக்கு தான் வரிசை கட்டுவாங்க. பல குவெரிய ஒண்ணா சேத்து அனுப்புறது, பூலர் (கனெக்ஷன பகிர்ந்து குடுக்குற டூல்) வெச்சு கனெக்ஷன் எண்ணிக்கைய கோர் எண்ணிக்கை பக்கம் கொண்டு வர்றது, இது ரெண்டும் எந்த இன்ஸ்ட்ரக்ஷன் ட்ரிக்க விடவும் சீக்கிரம் பலன் குடுக்கும்.

8 கோர் லேப்டாப்ல பேட்ச் போட்டு டெஸ்ட் பண்ணேன், ஒரு வித்தியாசமும் இல்லயே?

அங்க தெரியாது. இந்த மாதிரி மாத்தம் எல்லாம் ரெண்டு சாக்கெட் (தனித்தனி சிபியு சிப்), பல டஜன் கோர் இருக்குற மெஷின்ல தான் வெளிய தெரியும், ஏன்னா சாக்கெட் தாண்டி லைன் போறதுக்கு ஆகுற நேரம் உள்ளயே போறத விட ரொம்ப ஜாஸ்தி. பிஜிபெஞ்ச் (போஸ்ட்கிரஸோட பெஞ்ச்மார்க் டூல்) செலக்ட்-ஒன்லி மோட், டேட்டா முழுக்க ஷேர்ட் பஃபர்ஸ்ல (போஸ்ட்கிரஸோட மெமரி கேஷ்) அடங்குற சைஸ், பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், கிளையண்ட் எண்ணிக்கைய 1ல இருந்து கோர் எண்ணிக்கையோட ரெண்டு மடங்கு வரைக்கும் ஏத்திக்கிட்டே போய் கர்வ் வரைஞ்சு பாருங்க. கிளையண்ட் 1 இருக்கும்போது ஸ்பீடு குறைஞ்சிருந்தா அந்த பேட்ச் சகஜமான கேஸ கெடுக்குதுன்னு அர்த்தம், உச்சத்துல எவ்ளோ நல்லா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.